வானம் பார்த்தவர் வகுத்த குறி

கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில், தேசிய மாணவர் படைப் பயிற்சியின்போது, வாழ்வில் முதன்முறையாகத் துப்பாக்கியைத் தோளில் அணைத்துக்கொண்டு தரையில் படுத்தேன். 25 கெஜத்துக்கு அப்பால் ஓர் அட்டை. ஐந்து குண்டுகள் தந்தார்கள். ஐந்தையும் சுட்டுத் தீர்த்தேன். போய்ப் பார்த்தால் என் அட்டையில் ஒரு துளைகூட இல்லை. பக்கத்தில் படுத்திருந்த நண்பனின் அட்டையில் ஏழு துளைகள் இருந்தன. ஐந்து குண்டு சுட்டு ஏழு துளை பெற்ற அந்தப் பெருமையை அவன் இன்றளவும் விட்டபாடில்லை.

பயிற்சி தந்த ஹவில்தார் இந்தியில் என்னை நன்றாக வைதுவிட்டு, பிறகு பொறுமையாக விளக்கினார். துப்பாக்கியின் பின்பக்கம் ஒரு பிளவு; முன்பக்கம் ஒரு முனை; அப்பால் இலக்கு. மூன்றும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். நான் மூன்றையும் தெளிவாகக் காண முயன்று ஒன்றையும் காணாமல் போனேன். முன்முனையை மட்டும் உற்றுப் பார்க்க வேண்டும், இலக்கு மங்கலாகத்தான் தெரியும், அதைப் பொருட்படுத்தக் கூடாது என்றார். எனக்கு அது விந்தையாக இருந்தது. சுட வேண்டியது இலக்கை. பார்க்க வேண்டியது வேறொன்றையா?

நண்பர்கள் இதை எளிதில் சோதிக்கலாம். போர்ட் பிளேரில், அதாவது 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் ஊரில், கடற்கரைச் சுவரோரம் நின்று கட்டைவிரலை நீட்டிப் பிடியுங்கள். விரலுக்கு மேலே எதிர்க்கரையிலுள்ள நார்த் பே கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள். விளக்கம் தெளிந்தால் விரல் மங்கும். விரல் தெளிந்தால் விளக்கம் மங்கும். கண்ணின் வில்லை ஒரு நேரத்தில் ஒரு தொலைவுக்கே பொருந்தும். துப்பாக்கி தோன்றிய நாள் முதல் சுடுபவர் எல்லோரும் இந்தக் குறையோடுதான் காலம் தள்ளினார்கள். இதற்கு விடை கண்டவர் ஒரு படைவீரர் அல்லர். விண்மீன்களைப் பார்ப்பதற்குக் கருவி செய்து வந்த ஓர் ஐரிஷ்காரர். சர் ஹோவர்டு கிரப் என்பது அவர் பெயர்.

கிரப் 1844-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் டப்ளின் நகரில் பிறந்தார். தந்தை தாமஸ் கிரப் அயர்லாந்து வங்கியின் பொறியாளர். நோட்டு அச்சடிக்கும் இயந்திரங்களை அமைப்பது அவருக்கு வயிற்றுப் பிழைப்பு. தொலைநோக்கி செய்வது நெஞ்சுக்குகந்த தொழில். (நம் நார்த் பே காட்சி பழைய 20 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் இருப்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொண்டேன். வேறு தொடர்பு ஒன்றும் இல்லை.) மகன் டிரினிட்டி கல்லூரியில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். ஆனால் படிப்பு முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்கு 4 அடி அகலமுள்ள ஆடி கொண்ட மாபெரும் தொலைநோக்கி ஒன்றைச் செய்யும் பொறுப்புத் தந்தைக்குக் கிடைத்தது. தந்தைக்குத் துணை வேண்டியிருந்தது. மகன் புத்தகத்தை மூடிவிட்டு உலைக்களத்துக்குப் போனார்.

அக்காலத்தில் பெரிய ஆடிகளைச் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தில் வார்ப்பார்கள். வார்ப்பது அரிது, வார்த்ததை விரிசல் காணாமல் ஆறவிடுவது அதனினும் அரிது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இளைஞர் அந்த வேலையில் தேறினார். 1868-இல் கருவி முடிந்து கப்பலேறியது. ஆயினும் மெல்போர்னில் அதன் உலோக ஆடிகள் மங்கிப்போயின. எதிர்பார்த்த பயனை அந்தத் தொலைநோக்கி தரவில்லை. என் வயதில் ஒருவர் செய்த முதல் பெருஞ்செயல் இப்படி முடிந்தது என்பது, ஆய்வுக்கூடத்தில் மூன்று மாதமாக ஒரே சோதனையில் தோற்றுக்கொண்டிருக்கும் எனக்குச் சற்று ஆறுதல்தான்.

கிரப் சோர்ந்துவிடவில்லை. டப்ளினின் ராத்மைன்ஸ் பகுதியிலிருந்த பட்டறையை அவரே ஏற்று நடத்தினார். வியன்னா வானாய்வுக் கூடத்துக்கு 27 அங்குல வில்லை கொண்ட தொலைநோக்கியைச் செய்து முடித்தபோது, அந்த வகையில் உலகிலேயே பெரியது அதுதான். 1883-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1887-இல் சர் பட்டம் பெற்றார். கிரீனிச்சுக்கு 28 அங்குலத் தொலைநோக்கியை அமைத்தார். பெரிய தொலைநோக்கி திரும்பும்போது பார்ப்பவரும் ஏணியில் ஏறி இறங்கி அல்லல்படுவாரே, அதற்குப் பதில் கூடத்தின் தளத்தையே உயர்த்தித் தாழ்த்தினால் என்ன என்று முதலில் கேட்டவரும் அவரே. அமெரிக்காவின் லிக் வானாய்வுக் கூடத்தில் அது நிறைவேறியது.

அவருடைய பட்டறையிலிருந்து நம் நாட்டுக்கும் கருவிகள் வந்தன. புனாவில் பேராசிரியர் காவஸ்ஜி நெகம்வாலா, பாவ்நகர் மகாராஜா தந்த பொருளைக்கொண்டு வானாய்வுக் கூடம் நிறுவியபோது, அதற்கான 20 அங்குல ஆடித் தொலைநோக்கியை 1888-இல் செய்து தந்தவர் கிரப். நெகம்வாலா ஓய்வு பெற்றதும் அந்தக் கூடம் மூடப்பட்டது. 1912-இல் தொலைநோக்கி நம் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. ஐதராபாத்து நிஜாமியா வானாய்வுக் கூடத்தின் 15 அங்குலத் தொலைநோக்கியும் கிரப்பின் கைவேலையே.

இப்படி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் துப்பாக்கியின் பக்கம் எப்படித் திரும்பினார்? தொலைநோக்கியினுள்ளே இரண்டு மெல்லிய இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருப்பார்கள். சிலந்தி நூலைக்கூட அதற்குப் பயன்படுத்துவதுண்டு. இழைகள் வெட்டும் இடத்தில் விண்மீனை நிறுத்தி அளப்பார்கள். விண்மீன் எல்லையற்ற தொலைவில் இருக்கிறது. இழையோ கண்ணுக்கு அருகில் இருக்கிறது. ஆயினும் இரண்டும் ஒருசேரத் தெளிவாகத் தெரிகின்றன. ஏனெனில் வில்லையின் குவியத்தில், விண்மீனின் பிம்பம் விழும் அதே இடத்தில், இழையும் இருக்கிறது. இந்த வித்தையை முதலில் கண்டவர் வில்லியம் காஸ்காய்ன் என்ற ஆங்கில இளைஞர். அவர் 1644 ஜூலை மாதம் மார்ஸ்டன் மூர் போர்க்களத்தில் மாண்டார் என்பார்கள். சரியாக இருநூறு ஆண்டு கழித்து அதே ஜூலையில் பிறந்தவர் கிரப். குறுக்கிழைக்கும் போருக்கும் ஏதோ பழைய பகையோ உறவோ இருக்கிறது.

கிரப் அந்த வித்தையைத் தலைகீழாகத் திருப்பினார். ஒரு குறியைக் குவி வில்லையின் குவியத்தில் வைத்து அதற்கு ஒளியூட்டினால், குறியிலிருந்து கிளம்பும் கதிர்கள் வில்லையைக் கடந்தபின் இணைகதிர்களாகும். அவற்றை ஒரு சாய்ந்த கண்ணாடித் தகட்டில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கு வரச் செய்தார். அந்தத் தகட்டின் வழியே இலக்கும் தெரியும். இலக்கின்மேல் குறியும் மிதக்கும்.

சென்னைக்குக் கப்பலில் போனவர்கள் இதில் பாதியைக் கண்டிருப்பார்கள். இரவில் அறைச் சன்னலில் உள்ளிருக்கும் விளக்கின் பிம்பம் வெளியே கடலின்மேல் தொங்குவதுபோல் தோன்றும். ஆனால் அந்தப் பிம்பம் அருகில் இருப்பது. தலையை அசைத்தால் இடம் மாறிவிடும். மேல்தளத்துக்கு வந்து நிலவைப் பாருங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாலும் நிலவு கூடவே வரும். அதன் திசை மாறுவதில்லை. மிகத் தொலைவில் இருப்பதன் இயல்பு அது. கிரப்பின் வில்லை, சன்னலில் தெரிந்த விளக்கை நிலவின் தொலைவுக்குத் தள்ளிவிடுகிறது. ஆகவே சுடுபவர் தலையைச் சற்று இப்படி அப்படி அசைத்தாலும் குறி இலக்கைவிட்டு நகராது. பிளவும் வேண்டாம், முனையும் வேண்டாம். கண் இலக்கை மட்டும் பார்க்கலாம். என் ஹவில்தாரின் வசவுக்கு வேலையே இல்லை.

1900-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1901-இல் ராயல் டப்ளின் சங்கத்தின் ஏட்டில் கட்டுரையாக எழுதினார். துப்பாக்கியிலிருந்தே ஓர் ஒளிக் கற்றை நேராகச் சென்று குண்டு விழப்போகும் இடத்தில் விழுந்தால் எவ்வளவு நன்று என்று அக்கட்டுரையில் எண்ணிப் பார்த்து, அது நடவாத காரியம் என்று அவரே ஒதுக்கிவிட்டார். இன்று லேசர் அதைச் செய்கிறது. அவர் ஒதுக்கியதும் சரி, எண்ணியதும் சரி.

இங்கே ஒரு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். பழைய துப்பாக்கியில் குறி என்பது இரும்பு. அதற்கு ஒரே வடிவந்தான். கிரப்பின் கருவியில் குறி என்பது வெறும் ஒளி. சிலுவையாக வைக்கலாம்; வளையமாக வைக்கலாம்; புள்ளியாக வைக்கலாம். எந்த வடிவம் நல்லது என்ற கேள்வியே அன்றுதான் பிறந்தது. வானநூலாருக்குச் சிலுவைதான் பழக்கம். அவர்களுடைய இலக்கு ஒழுங்காக நகர்வது, கடிகாரப் பொறி அதைக் கட்டி நிறுத்திவிடும். ஓடும் இலக்கைப் பற்றி அவர்கள் கவலைப்பட வேண்டியிருந்ததில்லை.

கருவி உடனே பரவவில்லை. பகலொளியோடு போட்டியிட்டுத் தெரியக்கூடிய உறுதியான சிறு விளக்கு அன்று எளிதில் கிடைக்கவில்லை. நல்ல வெயிலில் நம் கடற்கரையில் கைப்பேசியின் திரை படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை விளங்கும். முதலில் அதைப் போர் விமானத்தில் பூட்டிப் பார்த்தவர்கள் பிரிட்டிஷார் அல்லர், ஜெர்மானியர். 1918-இல் அவர்களுடைய ஓய்கே நிறுவனம் செய்த குறிகாட்டிகள் விமானங்களில் ஏறின. அவ்வேளையில் கிரப் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் பெரிஸ்கோப் செய்துகொண்டிருந்தார். அவருடைய சிந்தனை எதிரியின் கையில், அவருடைய உழைப்பு இவர்களின் கையில்.

போரைப் பற்றிச் சொல்லும்போது அவரை அமைதி வேண்டிய முனிவராக்க நான் விரும்பவில்லை. படைக்குக் கருவி விற்றார், விலையும் வாங்கினார். ஆனால் போர் அவரிடமிருந்து திரும்ப வாங்கியது அதிகம். 1909-இல் ஜோகானஸ்பர்க்குக்கென ஏற்ற 26 அங்குலத் தொலைநோக்கி 1925-இல்தான் அங்கே நிறுவப்பட்டது. ரஷ்யாவுக்கெனத் தொடங்கிய பெருங்கருவிகள் போரிலும் புரட்சியிலும் சிக்கின. ஒன்று பல்லாண்டு தாமதமாகச் சென்றது, மற்றொன்று முடியவே இல்லை. 1916-இல் டப்ளினில் கிளர்ச்சி எழுந்தது. பெரிஸ்கோப் செய்யும் பட்டறை அங்கிருப்பது ஆபத்து என்று அரசாங்கம் கருதியதால், 1918-இல் அது இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸுக்குப் பெயர்க்கப்பட்டது. தந்தை தொடங்கிய தொழிலைத் தூக்கிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகும்போது அவருக்கு வயது 74. பிழைப்புக்காகக் கடல் தாண்டிய குடும்பத்தில் பிறந்த எனக்கு, ஆயுதம் செய்ததைவிட இந்தப் பெயர்ச்சிதான் மனத்தில் நிற்கிறது. என் தந்தை இந்தத் தீவுக்கு வந்தபோது அவருக்கு வயது 26. அதுவே கடினமாக இருந்தது என்பார்.

அடுத்த ஆண்டே வேறொன்று நடந்தது. 1919 மே 29-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம். சூரியனின் அருகே வரும் விண்மீன் ஒளி வளைகிறதா என்று பார்ப்பதற்குப் பிரேசிலின் சொப்ரால் ஊருக்கு ஒரு குழு போயிற்று. எடுத்துச் சென்ற பெரிய கருவி வெயிலின் சூட்டில் குவியம் பிசகிவிட்டது. கை கொடுத்தது, துணைக்கென்று இரவல் வாங்கிப் போன 4 அங்குல வில்லை. அது கிரப் செய்தது. அதன் தட்டுகள் காட்டிய வளைவு 1.98 விகலை, ஐன்ஸ்டைன் சொன்னது 1.75. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை. கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை. இன்றைய துப்பாக்கிகளின் ஒளிக் குறிகாட்டியில் வழக்கமான சிவப்புப் புள்ளி ஒன்றின் அகலம் 2 கலை, அதாவது 120 விகலை. ஒரே மனிதரின் கலையில் பிறந்த ஒரு கருவி அப்புள்ளியை வைத்து இலக்கை மறைக்கிறது. இன்னொன்று அப்புள்ளியில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கை அளந்து நியூட்டனைத் திருத்துகிறது.

புகழ் கடனை அடைக்கவில்லை. நிறுவனம் நொடித்தது. 1925-இல் நீராவிச் சுழலியைக் கண்டுபிடித்த சர் சார்லஸ் பார்சன்ஸ் அதை வாங்கி, நியூகாசிலுக்குக் கொண்டுபோய், கிரப்பின் பெயரை முன்னால் வைத்தே நடத்தினார். (கிரப் பார்சன்ஸ் என்ற அந்தப் பெயர் 1985 வரை வாழ்ந்தது.) கிழவர் டப்ளின் பக்கமே திரும்பினார். 1931 செப்டம்பர் 16-ஆம் நாள், 87-ஆம் வயதில் காலமானார்.

குறியின் கதை அவரோடு முடியவில்லை. 1930-களில் விமானங்களின் வேகம் கூடியது. பறக்கும் விமானத்தின்மேல் சிலுவையை வைத்துச் சுட்டால் குண்டு போய்ச் சேருமுன் விமானம் போய்விடும். எவ்வளவு முன்னால் சுடுவது? கிளாஸ்கோவின் பார் அண்டு ஸ்ட்ரௌடு நிறுவனம் பிரிட்டிஷ் விமானங்களுக்குச் செய்த குறிகாட்டியில் இதற்கு விடையாக ஒரு வளையத்தை வரைந்தார்கள். மணிக்கு 100 மைல் வேகத்தில் குறுக்கே கடக்கும் விமானம், வளையத்தின் விளிம்பில் மையத்தை நோக்கி வரும்போது சுட வேண்டும். கணக்கு எளிது. 100 மைல் வேகம் என்றால் விநாடிக்குச் சுமார் 45 மீட்டர். குண்டின் வேகத்தை விநாடிக்கு 750 மீட்டர் என்று கொள்வோம். 45-ஐ 750-ஆல் வகுத்தால் 0.06 ரேடியன், மூன்றரைப் பாகைக்குச் சற்றுக் குறைவு. இதில் தொலைவு எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இலக்கு 200 மீட்டரில் இருந்தாலும் 300 மீட்டரில் இருந்தாலும் அதே வளையம் போதும். வடிவத்துக்குள்ளேயே கணக்கை ஒளித்து வைத்துவிட்டார்கள். வளையத்தின் நடுவே புள்ளி. இருபுறமும் இரு கோடுகள். எதிரி விமானத்தின் இறக்கை அகலத்தையும் சுட வேண்டிய தொலைவையும் முன்கூட்டியே திருகி வைத்தால், கோடுகளுக்கிடையிலுள்ள இடைவெளி அதற்கேற்ப விரியும். இறக்கை இடைவெளியை நிரப்பினால் இலக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டது என்று பொருள்.

இந்தக் குடும்பத்துக் கருவிகள் நம் தலைமேலும் பறந்தன. 1942 மார்ச் மாதம் ஜப்பானியர் போர்ட் பிளேரைப் பிடித்தார்கள். கார்பின்ஸ் கோவ் சாலையில் அவர்கள் கட்டிய காங்கிரீட் பதுங்கறைகளில் இன்று ஆடு மேய்கிறது. 1944 ஜூன் 21-ஆம் நாள் இல்லஸ்டிரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய விமானங்கள் இவ்வூரைத் தாக்கின. மேலேயிருந்து சுட்டவர்களின் முகத்துக்கு நேரே சாய்ந்த கண்ணாடித் தகடும் அதில் மிதக்கும் ஒளிக் குறியும் இருந்தன. ஜப்பானியப் போர் விமானங்களிலும் அதே தத்துவந்தான். கிரப் மறைந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பதுங்கறையின் பிளவு வழியே நான் கடலைப் பார்த்ததுண்டு. அதில் குறி ஏதும் இல்லை; வெறும் பிளவு.

இன்று குறி துப்பாக்கியின்மேல் சிறு பெட்டிக்குள் வந்துவிட்டது. 1975-இல் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் சிவப்பு ஒளிப்புள்ளியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய புள்ளி கண்ணில் விரைவில் படும். ஆனால் தொலைவிலுள்ள சிறு இலக்கை மறைத்துவிடும். 2 கலைப் புள்ளி 100 மீட்டரில் சுமார் 6 சென்டிமீட்டரை மூடும். சிறு புள்ளி துல்லியமானது. அவசரத்தில் தேட வேண்டும். ஆகவே நடுவில் சிறு புள்ளியும் சுற்றிலும் பெரிய வளையமும் வைப்பாரும் உண்டு. கண் தானாகவே வளையத்தின் நடுவுக்குப் போய்விடும் இயல்புடையது.

இதில் எனக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. என் மூக்குக் கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் என்று ஓர் எண் எழுதியிருக்கும். கருவிழி ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாக வளைந்திருக்கும் குறை அது. கண்ணாடி இல்லாமல் பார்த்தால் ஒளிப்புள்ளி எனக்குப் புள்ளியாகத் தெரியாது; வால் முளைத்து, நசுங்கிய வால்வெள்ளிபோல் கிடக்கும். எங்கள் வானாய்வுக் குழுவின் சிறு தொலைநோக்கியில் விண்மீனைத் தேடுவதற்கென்று மேலே ஒட்டியிருப்பது இந்தச் சிவப்புப் புள்ளிதான். ஆம், கிரப்பின் கருவி துப்பாக்கியைச் சுற்றிவிட்டு மீண்டும் தொலைநோக்கிக்கே வந்திருக்கிறது. அது இப்போது பழுதாகிவிட்டது. புதிது வாங்க வேண்டும். டெல்ராடு என்ற வகையில் புள்ளி இல்லை. அரைப் பாகை, 2 பாகை, 4 பாகை அகலத்தில் ஒன்றினுள் ஒன்றாக மூன்று வளையங்கள் வானத்தில் மிதக்கும். விண்மீனை மறைக்காது; நிலவின் அகலம் அரைப் பாகை என்பதால் சிறு வளையமே நல்ல அளவுகோலும் ஆகும்.

சென்ற கூட்டத்தில் நான் வளையத்துக்கு வாக்களித்தேன். புள்ளியே போதும், விலையும் குறைவு என்று எதிர்த்து வாதிட்டவன், அன்று என் பக்கத்தில் படுத்து ஏழு துளை பெற்ற அதே நண்பன். வாக்கு இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறது. மலர் வெளிவந்த பின் மறுபடியும் கூடுகிறோம்.